காட்டக் காணும் உயிர்: மழலையும் வளர்ந்தோரும் மொழி பெறும் வகை

குழந்தை பேசக் கற்பது எவ்வாறு என்னும் வினா இன்று உளவியலாருக்கும் மொழியியலாருக்கும் உரியதாகக் கருதப்பட்டாலும், இந்தியத் தத்துவ மரபில் அது வேதத்தின் அதிகாரம், உயிரின் இயல்பு, இறைவனின் அருள் ஆகியவற்றோடு சேர்த்தே ஆராயப்பட்ட சமயக் கேள்வியாகும். சொல்லின் பொருளை மனிதன் எங்கிருந்து பெறுகிறான் என்பது தெளிந்தால்தான் மறைநூலின் சொல் எவ்வாறு பொருள் தருகிறது என்பதும் தெளியும் என்று, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை வகுத்த மீமாஞ்சகர் கருதினர்.

அவர்கள் தந்த விடை 'விருத்த வியவகாரம்', அதாவது பேச்சும் செயலும் கலந்த மூத்தோர் வழக்கு எனப்படும். பெரியவர் ஒருவர் மற்றொருவரிடம் பசுவைக் கொண்டுவரச் சொல்ல, அவர் கொண்டுவருவதைக் கண்ட குழந்தை சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை ஊகிக்கிறது. பின்னர்ப் பசுவைக் கட்டு என்றும் குதிரையைக் கொண்டுவா என்றும் ஏவல் மாறும்போது, எந்தச் சொல் நீங்க எது நீங்குகிறது, எது சேர எது சேர்கிறது என்று பார்த்து ஒவ்வொரு சொல்லையும் பிரித்தறிகிறது. இந்தச் சேர்த்தலும் நீக்கலும் ஆவாபம், உத்வாபம் என வழங்கப்பட்டன. இதில் வியக்கத்தக்கது, குழந்தையை நோக்கி எவரும் பேசவே இல்லை என்பதாகும். 1953-இல் வெளியான தம் நூலைக் கிறித்தவ இறையியலார் அகஸ்டினின் மழலை நினைவுகளோடு தொடங்கிய மேலைத் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனும், பொருள்களுக்குப் பெயர் சூட்டுவதே மொழி என்னும் எண்ணத்தை விடுத்து, கொத்தனார் கேட்கும் கல்லைச் சித்தாள் எடுத்துத் தரும் ஏவல் மொழியிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்கினார்.

மலேசிய மாநிலமான ஜொகூரின் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், மீமாஞ்சகர் காட்டிய காட்சி ஆயாக்கொட்டகையில் நாள்தோறும் நிகழ்ந்தது எனலாம். விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற இடம் அது. தொட்டில் தொட்டிலாகக் குழந்தைகள் கிடக்க, ஒவ்வொன்றிடமும் அமர்ந்து பேச ஆயாவுக்கு ஏது நேரம்? அவர் பேச்சில் பெரும்பகுதி உதவிக்கு நின்ற பெரிய பிள்ளைகளுக்கே போயிருக்கும்: துண்டை எடு, துண்டை நனை, பாயை எடு, பாயை விரி. இந்த நான்கு ஏவல்களுக்குள் ஆவாபமும் உத்வாபமும் முழுமையாக அடங்கிவிடுகின்றன. தொட்டிலின் விளிம்பு வழியே பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு அவை போதுமானவையாக இருந்தன.

எனினும் இதனால் எல்லாம் விளங்கிவிடவில்லை. ஊகிக்கும் ஆற்றலைக் குழந்தைக்கு ஊட்டியவர் யார் என்று, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பர்த்ருஹரியின் 'வாக்கியபதீயம்' நம்மைக் கேட்க வைக்கிறது. மூச்சை எழுப்பி, நாவை உரிய இடத்தில் பொருத்தும் முதல் முயற்சியை எந்தப் பெரியவரும் கற்பித்திருக்க முடியாதாகையால், சொல்லின் வாசனை முற்பிறவியிலிருந்தே உயிரோடு தொடர்ந்து வருகிறது என்பது அவர் முடிவு. அகத்திலிருந்து எழும் இந்த உணர்வைப் பிரதிபை என்றார்.

சைவ சித்தாந்தம் இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது மட்டுமன்று, இரண்டையும் சேர்த்து விளக்கவும் வல்லது. உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டு, ஆனால் அறிவித்தாலன்றி அது அறியாது. பார்க்கும் திறனுள்ள கண்ணும் கதிரொளி இல்லாமல் காணாததைப் போல, உள்ளிருக்கும் ஆற்றல் காட்டுவாரை வேண்டி நிற்கிறது. சியாட்டிலில் பாட்ரிசியா கூல் குழுவினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் அமர்ந்து மாண்டரின் பேசியவரிடம் பன்னிரண்டு அமர்வுகளில் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை உணரக் கற்றன. அதே பேச்சைத் திரையில் கண்டவையும் ஒலிப்பதிவில் கேட்டவையும் கற்கவில்லை. காட்டுபவர் உடனிருக்க வேண்டும் என்னும் சித்தாந்தக் கருத்தை ஆய்வுக்கூடம் மெய்ப்பித்துவிட்டது என்று சொல்வது மிகையாகும்; ஆனால் அக்கருத்தின் ஆழத்தை உணர அது உதவுகிறது. ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் பேச்சு வரப்பெற்றார் என்னும் குமரகுருபரர் வரலாற்றிலும், அந்த ஐந்தாண்டுகள் ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் தமிழ் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்பதை அடியார்கள் நினைக்க வேண்டும். அருள் அங்கே திறந்துவிட்டது, ஏற்கெனவே நிறைந்திருந்த ஒன்றை.

வளர்ந்தவர் கற்பது வேறு வகை. சொற்பொருள் அறியும் வழிகளாக இலக்கணம், ஒப்புமை, அகராதி, நம்பத்தக்கவர் சொல், மூத்தோர் வழக்கு, வாக்கியத்தின் எஞ்சிய பகுதி, விளக்கவுரை, தெரிந்த சொல்லின் அண்மை என எட்டினை நியாய நூலார் எண்ணினர். இவற்றுள் வழக்கு ஒன்றைத் தவிர ஏனையவை முன்பே ஒரு மொழி அறிந்தவருக்கே பயன்படும். தமிழகத்திலிருந்து வந்து ஜொகூர்த் தோட்டங்களில் குடியேறியவர்கள் சந்தையிலும் கடையிலும் மலாய் கற்றது தனித்தனிச் சொற்களாகத்தான்: சாயா, மாவு, பெர்கி, பசார் என்று தெரிந்தவற்றை வரிசையில் வைத்தே 'நான் சந்தைக்குப் போக வேண்டும்' என்பதை உணர்த்தினர். 1957-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பதிவின் மூலம் குடியுரிமை பெற விரும்பியவர்களிடம் தொடக்கநிலை மலாய் அறிவை எதிர்பார்த்தபோது, பலருடைய கையிருப்பு இந்தச் சந்தை மலாய்தான். தனிச்சொல்லா, சொற்றொடரா, எது முதலில் பொருள் தருகிறது என்பதில் மீமாஞ்சகருக்குள்ளேயே இரு கட்சிகள் உண்டு. சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தந்து பின்னரே இணைகின்றன என்றார் குமாரில பட்டர். இணைந்த நிலையிலேயே சொற்கள் பொருள் தருகின்றன என்றார் பிரபாகரர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நீண்ட இந்தப் பூசலில், முன்னவர் வளர்ந்தவரின் கற்றலையும் பின்னவர் குழந்தையின் கற்றலையும் கண்முன் வைத்துப் பேசியதுபோலவே தோன்றுகிறது.

மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் பாடும் பிள்ளைகளுள், வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசுவோரும் உண்டு. பண் பிசகாமல் பதிகம் முழுவதையும் ஓதிய குழந்தை, குடிக்கத் தண்ணீரைத் தமிழில் கேட்கத் தயங்கினால், அந்த ஓதுதல் வீண் என்று சித்தாந்தி சொல்லமாட்டார். நாதம் அருளோடு தொடர்புடையது என்பது அவர் கொள்கை. ஆனால் ஓதுதலால் மட்டும் பேச்சு வந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் அவருடைய நூல்கள் இடம்தரவில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்பது மெய்கண்டார் வழி வந்தோரின் உறுதிப்பாடு. அந்தச் சார்பு வாரத்தில் ஒருமுறை கூடும் தேவார வகுப்பில் பாடும் நேரத்தோடு முடிந்துவிட்டால் வண்ணமும் அவ்வளவே ஏறும். வகுப்பு முடிந்தபின் விளக்கைத் துடைப்பதும், திரி இடுவதும், திருநீற்றுத் தட்டை எடுத்துவருவதும் பெரிய பிள்ளைகளுக்கிடையே தமிழ் ஏவல்களாக நடக்குமானால், தூண் ஓரத்தில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் சின்னவர்கள், எவரும் கற்பிக்காமலே, பதிகத்தின் சொற்களுக்குள் நுழைவதற்கான தமிழைப் பெற்றுக்கொள்வார்கள்.