பிள்ளையின் கொப்பியில் யாருடைய கிராமம்?

'எனது கிராமம்' பற்றிக் கட்டுரை எழுதும்படி ஓலைத்தொடுவாயில் ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பச்சைப்பசேலென்ற நெல்வயலும் சலசலத்து ஓடும் அருவியும் அதில் வந்துவிட்டால் வியப்பதற்கில்லை. மன்னார்த் தீவில் வயல் ஏது, அருவி ஏது? நெல் விளைவது பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் இடங்களில். நம் பிள்ளை நாளும் காண்பது மணல், பனை, உடைமரம், கரையிற் காயும் வலை, தெருவை மறித்து நிற்கும் கழுதை. அவற்றை விட்டுக் காணாததை எழுதுகிறான். நாமும் சரி போட்டுப் புள்ளி வழங்குகிறோம்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை அதே பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். அப்படியானால் திங்கட்கிழமை அவன் எழுதும் மனனக் கட்டுரை பொய்யாகாதா? புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றி எழுதுகையில் ஏமாற்றும் எண்ணத்தையே அதன் உயிர்நிலையாகக் கண்டார். பிள்ளைக்கு அந்த எண்ணம் இல்லை. ஆகவே அவன் குற்றவாளி அல்லன். ஆனால், எழுத்து என்பது பெரியவர்களுக்குப் பிடித்ததைச் சொல்வது, தன் கண் கண்டதற்கு அங்கே மதிப்பில்லை என்று அவன் படித்துக்கொள்கிறானே, அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் யார்?

கற்பனை வேறு, இது வேறு. கழுதை பேசுவதாக ஒரு சிறுமி கதை எழுதினால் அது பொய்யன்று. கழுதையை நன்றாகப் பார்த்தவளே அதைப் பேச வைப்பாள்.

பெற்றாரை நோவதிலும் பயனில்லை. புலமைப்பரிசில் பரீட்சை தலைக்குமேல் நிற்கிறது. கடலில் உழைத்த காசில் மாதிரிக் கட்டுரைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் தகப்பன், மகன் தன்னைப்போல் அலையோடு மாரடிக்கக் கூடாதென்றே அதைச் செய்கிறான். அந்த ஆசையை யார் பழிக்க முடியும்?

இவ்விடத்தில் இத்தாலி நாட்டுக் குருவானவர் லொரென்சோ மிலானி அடிகளை நினைக்க வேண்டியிருக்கிறது. 1954இல் பார்பியானா என்னும் மலைக்கிராமத்துக்கு அனுப்பப்பட்ட அவர், அரச பள்ளிகள் தேறவில்லையென்று தள்ளிவிட்ட ஏழைக் குடியானவரின் பிள்ளைகளுக்குத் தம் பங்கு மனையிலேயே பள்ளி நடத்தினார். அப்பிள்ளைகளில் எட்டுப்பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக எழுதிய நூல் 1967இல் வெளிவந்தது. நம் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவர்கள்தாம். ஆனாலும் எழுதிய முறை எந்த வகுப்புக்கும் ஏற்றது. தோன்றியதைத் தோன்றியபோதே தனித்தனித் துண்டுத்தாளில் குறித்தார்கள். துண்டுகளை மேசையிற் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கி, மிகையான சொல்லை வெட்டினார்கள். மிலானி அடிகள் அவர்களுக்கு நாளும் பத்திரிகை வாசித்து விளக்கினார். சொந்த அனுபவமும் வேண்டும், ஊர்ப் பெரியவரோடு வழக்காடும் மொழியும் வேண்டும் என்பது அவர் எண்ணம். நூல் வெளிவந்த அடுத்த மாதமே அவர் இறந்தார். ஐம்பது ஆண்டு கழித்து, 2017இல், பாப்பரசர் பிரான்சிஸ் அவருடைய கல்லறைக்குச் சென்று செபித்தார்.

நம் வகுப்பிலும் துண்டுத்தாளுக்குப் பஞ்சமில்லை. இன்று விடியற்காலை வள்ளம் எத்தனை மணிக்குக் கரை சேர்ந்தது? வலையில் என்ன பட்டிருந்தது? அம்மா அப்போது என்ன சொன்னா? சோழகம், கொண்டல் என்று பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் வெட்டிவிட்டு 'காற்று' என்று திருத்தாதிருந்தாலே பாதி வேலை முடிந்தது. எழுத்துப் பிழையைத் திருத்தத்தான் வேண்டும். அதில் இரக்கம் காட்டுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

ஆனால், உண்மையை எழுது என்று சொன்னபின் உண்மையே வந்துவிட்டால்? முதலாளிக்குப் பட்ட கடனும், இரவில் அப்பா குடித்துவிட்டு வந்ததும் கொப்பியில் ஏறும். சிறிய ஊர், காலையில் வகுப்பில் வாசித்தது மாலைக்குள் கிணற்றடிக்கு வந்துவிடும். ஒரு குடும்பத்தின் மானத்தைக் கட்டுரைப் பாடத்துக்காகச் சந்திக்கு இழுக்க நமக்கு உரிமை உண்டா? இல்லை என்றே நான் எண்ணுகிறேன். பிள்ளை இணங்கினாலன்றி அதை உரக்க வாசிக்கலாகாது. வீட்டைப்பற்றி எழுதென்று வற்புறுத்தவும் கூடாது. அதேவேளை, பிள்ளைக்கு ஆபத்தென்று தெரிந்தால் ஆசிரியர் மௌனம் காப்பதும் பாவமே. உதவக்கூடியவரிடம் தனியே சொல்லியாக வேண்டும். மற்றப்படி, புள்ளி போடாமல், பிழைகளை மட்டும் பென்சிலால் அடையாளமிட்டு, கொப்பியை மூடி அவன் கையிலேயே கொடுத்துவிடலாம்.