கோணல் வீடு கேட்கும் கேள்வி

ஒரு பொருளுக்கு உரியவர் யார் என வினவினால், அதனை விலைகொடுத்து வாங்கியவரே எனச் சட்டம் விடை பகரும். அப்பொருளோடு தலைமுறை தலைமுறையாகத் தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட மக்களுக்கு அதில் பங்குண்டா என வினவினால், விடை அத்துணை எளிதாய்க் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் மறைந்துபோன மதுவிடுதி ஒன்று இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில், டட்லி நகருக்கு அணித்தே ஹிம்லி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1765ஆம் ஆண்டில் ஒரு பண்ணை வீடு எழுந்தது. அவ்வட்டாரம் நிலக்கரி மிகுந்தது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலிருந்த மண் உள்வாங்கியது. வீட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறத்தாழ நான்கடி தாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வீடு மதுவிடுதி ஆயிற்று. நிலக்கிழார் குடும்பத்தின் பெயரால் 'கிளின் ஆர்ம்ஸ்' எனப் பெயர் பெற்றபோதும், ஊரார் நாவில் 'கோணல் வீடு' என்பதே நிலைத்தது. 1940களில் பாதுகாப்பற்றது என ஒதுக்கப்பட்டும், முட்டுச்சுவர்கள் தாங்க அது பிழைத்துக்கொண்டது. கோலிக்குண்டு மேட்டை நோக்கி உருள்வதுபோல் தோன்றும் விந்தையைக் காண மக்கள் தேடி வந்தனர்.

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அது கைமாறியது. ஆகஸ்டு 5ஆம் நாள் இரவு தீப்பற்றி எரிந்தது. மேல்தளத்தின் சில பகுதிகளை மட்டுமே அகற்ற ஊராட்சி மன்றம் இசைந்திருக்க, 7ஆம் நாள் கட்டடம் முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது. ஊரார் கொதித்தெழுந்தனர்.

'மதுவிடுதி ஒழிந்தால் நன்மையன்றோ? கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தாரே!' எனச் சிலர் கூறலாம். கூற்று தக்கதே. ஆயினும் அம்மக்கள் வருந்தியது மதுவுக்காக அன்று. மது அடுத்த தெருவிலும் கிடைக்கும். அத்தகைய விடுதியை ஆங்கிலத்தில் 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொது இல்லம், என்றே வழங்குவர். ஊர் ஒன்றுகூடும் அந்த இல்லத்திற்காகவே அவர்கள் வருந்தினர்.

2024 பிப்ரவரியில், மூன்று ஆண்டுகளுக்குள் அவ்வீட்டை முன்பிருந்தவாறே கட்டித்தர வேண்டுமென ஊராட்சி மன்றம் ஆணையிட்டது. உரிமையாளர் தரப்பு மேல்முறையீடு செய்தது. இத்தகைய ஆணைக்கு முன்மாதிரி உண்டு. இலண்டனின் கில்பர்ன் பகுதியில் 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட 'கார்ல்டன் டேவர்ன்', 2015 ஏப்ரலில் இசைவின்றி இடிக்கப்பட்டது. ஆணைக்கிணங்க மீண்டும் கட்டப்பட்டு, 2021இல் அது கதவு திறந்தது.

இங்கேதான் தத்துவச் சிக்கல் பிறக்கிறது. தீசியசின் கப்பலில் பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியபின், அது பழைய கப்பல்தானா எனக் கிரேக்க அறிஞர்கள் வாதிட்டதைப் புளூட்டார்க் குறித்துள்ளார். கோணல் வீட்டின் சிக்கலோ அதனினும் கடியது. அதன் சாய்வு எவரும் திட்டமிட்டதன்று. சுரங்கத்தால் குடைவுற்ற நிலம் அதற்கு இட்ட தழும்பு. பொறியாளர் அளந்து அமைக்கும் சாய்வு தழும்பாகுமா? ஆகாது. புதிய வீடு பழைய வீடன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்னர் ஏன் கட்ட வேண்டும்? பிறர் பொருளை உடைத்தவர் ஈடு கொடுப்பதால் உடைந்தது ஒட்டிவிடுவதில்லை. ஆயினும் ஈடு கொடுப்பது அறம். மேலும், இடித்துவிட்டால் வழக்கு முடிந்தது என்ற நிலை ஏற்படுமாயின், இடிப்பதே ஆதாயமான வழியாகிவிடும். ஆதலின் மறுகட்டுமானம் இறந்ததை எழுப்புவதன்று. இனி இறவாமற் காப்பது.

உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் மறுத்தற்கில்லை. நட்டத்தில் நடக்கும் விடுதியை ஊராருக்காக என்றென்றும் நடத்துக என ஒருவரைக் கட்டாயப்படுத்துதல் முறையன்று. அவர் மூடலாம், விற்கலாம். ஆனால் இருநூற்றைம்பது ஆண்டுகள் நின்றதை இரண்டே நாளில் இல்லாமற் செய்யும் உரிமையை எந்த விற்பனைப் பத்திரமும் தருவதில்லை. பழைய கட்டடத்தை வாங்குபவர் கல்லையும் மண்ணையும் மட்டும் வாங்குவதில்லை; அடுத்த தலைமுறையிடம் அதனை ஒப்படைக்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.