துளையலகும் துணைக்காரணமும்

ஒரு குடம் உருவாவதற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்தம் காரணத்தை மூவகையாகப் பகுக்கும். அதே முறையில் மாயையை முதற்காரணமாகவும், சத்தியைத் துணைக்காரணமாகவும், சிவனை நிமித்தகாரணமாகவும் கொண்டு உலகத் தோற்றத்தையும் விளக்கும். இவற்றுள் மண்ணின் நிலையும் குயவனின் நிலையும் தெளிவானவை. இடையில் நிற்கும் கருவி யாருக்குக் கட்டுப்பட்டது என்பதே ஆராயத்தக்க வினா. அது செய்பவனுடைய விருப்பத்தின் நீட்சி மட்டும்தானா, அன்றிச் செயப்படும் பொருளின் இயல்பும் அதற்குள் முன்பே குடிபுகுந்துள்ளதா? கருவிகளை வகைப்படுத்துவதில் பெருங்கவனம் செலுத்தும் ஜெர்மனியின் பட்டறைகளில் அன்றாடம் புழங்கும் டிரில் பிட், அதாவது துளையலகு, இவ்வினாவுக்கு நல்லதொரு சான்றாகிறது.

1895ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரின் ஃபைன் நிறுவனம் மின்சாரத்தால் இயங்கும் கைத்துளைப்பொறியை உருவாக்கியபோது, துளையிடும் சுமை மனிதத் தசையைவிட்டு நீங்கிற்று. எந்த அலகை மாட்டுவது என்னும் சுமை நீங்கவில்லை. உலோகம் துளைக்கும் முறுக்கலகுகளை ஜெர்மன் தொழில்தரமான டின் 1836, மென்மை, இயல்பு, கடினம் ஆகியவற்றைக் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளால் மூவகையாகப் பிரிக்கிறது. அலகுகள் எல்லாமே கடினமானவை என்பதால், மென்மை என்னும் பெயர் அலகின் பண்பைக் குறிக்க இயலாது. அலகு சந்திக்கப்போகும் பொருளின் பண்பையே குறிக்கிறது. கருவி தன் பெயரையே பொருளிடமிருந்து பெறுகிறது என்பது சிந்தனைக்குரியது.

வடிவத்திலும் இதுவே நிகழ்கிறது. அலுமினியம் நீண்ட சுருள்களாகச் சீவப்பட்டு அடைத்துக்கொள்ளும் இயல்புடையதாதலால், அதற்குரிய அலகில் திருகுபள்ளங்கள் மிகுந்த சாய்வுடன் அகன்றிருக்கும். பித்தளையோ கூரிய முனையைக் கவ்வி உள்ளிழுக்கும். எனவே அதற்குரிய அலகின் பள்ளங்கள் ஏறக்குறைய நேராக அமையும், அத்தகைய அலகு இல்லாதவிடத்துத் தொழிலாளர் வெட்டுவாயின் கூர்மையைச் சாணைக்கல்லால் சிறிது மழுக்கிக்கொள்வர். துருப்பிடிக்கா எஃகு, அலகு வெட்டாமல் உராய்ந்துகொண்டே இருந்தால் உராய்ந்த இடத்தில் மேலும் இறுகிவிடுவதால், கோபால்ட் கலந்த அலகையும், குறைந்த வேகத்தையும், தளராத அழுத்தத்தையும் வேண்டுகிறது. மரத்துக்குரிய அலகில் நடுமுள் இடத்தை நிலைநிறுத்த, ஓரப்பற்கள் நார்களை முதலில் அறுக்கின்றன. கல்லுக்குரிய அலகு வெட்டுவதேயில்லை; சுத்தியடியின் துணையுடன் நொறுக்குகிறது.

கார்பைடாலான இந்நொறுக்கும் முனைக்கும் ஒரு வரலாறு உண்டு. மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை இழுக்கும் அச்சுகளுக்கு விலையுயர்ந்த வைரம் தேவைப்பட்ட நிலையில், அதற்கு மாற்றாக, ஓஸ்ராம் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டுடன் சேர்த்துச் சூட்டில் இறுக்கும் முறைக்கு 1923இல் காப்புரிமை நாடினார். எசன் நகரின் க்ரூப் நிறுவனம் அப்பொருளை, வைரம் போன்றது எனப் பொருள்படும் ஜெர்மன் தொடரைச் சுருக்கி, விடியா என்ற பெயரால் 1927இல் லைப்சிக் சந்தையில் காட்சிக்கு வைத்தது. கடினமான கார்பைடு தனித்து நின்றால் உடைந்துவிடும். மென்மையான கோபால்ட்டின் பிணைப்பிலேயே அது அடியைத் தாங்குகிறது.

அதே 1927இல்தான் ஜெர்மன் மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகரின் ‘இருத்தலும் காலமும்’ வெளிவந்தது. மெஸ்கிர்ச் என்னும் சிற்றூரில் தேவாலயப் பணியாளராகவும் மரப்பீப்பாய் செய்பவராகவும் இருந்த ஒருவரின் மகனான அவர், கருவி நன்கு பயன்படும் வரையில் கவனத்திலிருந்து மறைந்தே நிற்கிறது என்றும், உடையும்போதும் பொருந்தாதபோதும் காணாமற்போகும்போதுமே அது ஒரு பொருளாகக் கண்முன் எழுகிறது என்றும் விளக்கினார். இவ்விளக்கம் ஆழமானது, ஆயினும் தேர்வு என்னும் நிலைக்கு அதில் போதிய இடமில்லை. அலகுப்பெட்டியைத் திறந்து நிற்பவர் முன்னால் எதுவும் உடைந்திருக்கவில்லை, வேலையும் தொடங்கவில்லை. எனினும் கருவி, பொருள் இரண்டும் ஒருங்கே அவர் அறிவில் தோன்றுகின்றன. 1951–52இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், மரவேலை பயிலும் மாணவன் பல்வகை மரங்களுக்கும் செவிசாய்க்கக் கற்பதை ஹைடெகர் எடுத்துக்காட்டியபோது, இந்நிலையை அவரே நெருங்கி வந்தார் எனலாம்.

இவ்வாறு செவிசாய்ப்பதைப் பொருளுக்குப் பணிதல் எனக் கொண்டால், அதற்கு ஒரு தடை எழுப்பப்படக்கூடும். பொருளின் இயல்பறிந்து கருவியைத் தேர்வது, அப்பொருளை எதிர்ப்பின்றி அடக்குவதற்கான தந்திரமே அன்றிப் பணிவு ஆகாது என்பது அத்தடை. நவீனத் தொழில்நுட்பம் இயற்கையை இருப்புச்சரக்காக வரவழைக்கிறது என 1953இல் மியூனிக்கில் ஹைடெகர் நிகழ்த்திய உரையும் அதற்கு வலுச்சேர்க்கும். தடை ஓரளவு உண்மையே. அலகின் வடிவம் பொருளுக்குப் பணிகிறது. துளைப்பவரின் நோக்கம் பணிந்தாக வேண்டிய கட்டாயமில்லை. துணைக்காரணத்தின் தகுதியைக் கொண்டு நிமித்தகாரணத்தின் தகுதியை முடிவுசெய்ய இயலாது.

சித்தாந்தத்தின் பாகுபாடு இவ்விடத்திலேயே பயன் தருகிறது. சிவனுக்குத் துணைக்காரணமாகிய சத்தி, தீயும் சூடும் போல அவனின் வேறாகாதது. அச்சத்தி உயிரில் பதியும் சத்திநிபாதம், உயிரின் பக்குவத்துக்கேற்ப மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். அங்கே அறிவதற்கும் பொருந்துவதற்கும் இடையே இடைவெளி இல்லை. மனிதனுக்கோ கருவி வேறாக நிற்பதால் இடைவெளி உண்டு. பிழைக்கும் திருத்தத்துக்கும் இடம் அதுவே. ஆகவே கருவி இருவருக்குக் கட்டுப்பட்டது: நோக்கத்தைச் செய்பவனிடமிருந்தும், வடிவத்தைப் பொருளிடமிருந்தும் பெறுகிறது, அவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்பு தேர்பவனுடையது.

பழைய கட்டடமொன்றின் சுவரைத் துளைப்பவர், பூச்சுக்குப் பின்னால் இருப்பது எது என்பதை அறியார். ஆதலின் சிறிது துளைத்ததும் நிறுத்தி, உதிர்ந்த தூளைப் பார்க்கிறார்: சிவப்பாயின் செங்கல், சாம்பல் நிறமாயின் கான்கிரீட், வெண்மையாய் விரலில் ஒட்டினால் ஜிப்சம். செங்கல் எனக் கண்டால் சுத்தியடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டும் தொடர்கிறார். ஜிப்சம் எனக் கண்டால் கல்லலகைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, வேறோர் அலகை எடுக்கிறார்.