லிப்டன் துரையின் ஆசனம்

வாய்மைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவப் பெருந்தகை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இனிக்கின்ற ஒரு கதை மெய்யல்லாததாக இருந்தால் அதைத் திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா? தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் செல்வோர் முன் இக்கேள்வி நிற்கிறது.

அப்புத்தளையிலிருந்து சென்று, தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஏறினால் ‘லிப்டன் சீட்’. அங்கே தோமஸ் லிப்டன் சிலையாக அமர்ந்திருக்கிறார். அருகில் அமர்ந்து படம் பிடிப்போர் பலர். இலங்கைக்குத் தேயிலையைக் கொண்டுவந்தவர் இவரே, காட்டை அழித்துத் தோட்டமாக்கியவரும் இவரே என்ற எண்ணத்துடன் இறங்கிச் செல்வோரும் உண்டு.

நடந்தது வேறு. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வர்த்தகப் பயிராகத் தேயிலை நட்டவர் ஜேம்ஸ் டெயிலர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. முதலில் தென்பட்டது நமது மடுல்சீமைப் பக்கம்தான். கோப்பி அழிந்தது, துரைமார் கடனாளிகளாயினர், காணி விலை சரிந்தது. கிளாஸ்கோவில் 1871இல் கடை திறந்து பெருவணிகரான லிப்டன் 1890இல் வந்து மலிந்த விலைக்குத் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரமும் செய்தார். விற்றதில் பெரும்பகுதி பிறர் தோட்டங்களில் விளைந்தது. ஏழை வீட்டுக்கும் எட்டும் விலையில் தேயிலையை விற்ற திறமை அவருடையது. அதை மறுக்க வேண்டியதில்லை. பிறந்த ஆண்டைக்கூட 1850 என்றே சொல்லிவந்தார், பதிவு காட்டுவது 1848. 1931இல் மறைந்தபோது தம் செல்வத்தில் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விட்டுச்சென்றார். தர்மந்தான். அச்செல்வத்தில் தம்பேதன்னைக் கொழுந்துக்கும் பங்குண்டு.

கந்தபுராணப் படிப்பில் அமரும் அடியார் சூரபன்மன் வீழ்ந்த திகதியைக் கேட்பதில்லை. எல்லவில் இராவணன் குகையைக் காட்டினால் கைகூப்புகிறோம். துரையின் கதைக்கு மட்டும் ஏன் கணக்கு என்று ஒருவர் கேட்கலாம். புராணம் எவருடைய உழைப்பையும் மறைப்பதில்லை. அது ஆணவம் அடங்கிய கதை. துரையின் கதையோ, மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வாந்திபேதிக்குப் பலரைப் பலிகொடுத்து, மலையேறிக் காடு வெட்டிய மக்களை இல்லாமற் செய்துவிடுகிறது. 1921 வரை ‘துண்டு’க் கடனில் கட்டுண்டு கிடந்தவர்களும் 1948இல் குடியுரிமை இழந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களே. இதைச் சொல்லாமல் விடுவது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது.

அதேவேளை லயங்களில் வழங்கும் கதைகளும் உரைகல்லுக்குத் தப்பக்கூடாது. தேயிலைத் தூரில் மாசியும் தேங்காயும் கிடைக்கும் என்று கேட்டு நம் முன்னோர் மயங்கி வந்தார்களாம். சிரித்துக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். முன்னோரை மூடராக்கும் பேச்சு இது. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையுமே அவர்களைத் துரத்தின. இனி, உச்சிப் பாறையிலிருந்து ஆட்களை எண்ணிய அரக்கன் என்று லிப்டனைப் பழிப்போரும் உளர். அவர் வாழ்ந்தது இங்கிலாந்தில். இங்கே தோட்டத்தை நடத்தியவர்கள் சம்பளத் துரைமாரும் கங்காணிமாருமே. கங்காணி நம்மவர். ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவரும் அவரே, பல தோட்டங்களில் கோயில் எழுப்ப முன்னின்றவரும் அவரே.

கோயில் வரலாறு எழுதப்படும்போது ‘பெரிய கங்காணி கட்டிய ஆலயம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. லிப்டன் சிலைக்கும் இந்த வரிக்கும் என்ன வேறுபாடு? கல் சுமந்தவர்கள், செக்ரோலில் கோயில் காசு பிடிக்கப்பட்டவர்கள், திருவிழாவில் காவடி சுமந்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் மலரில் இல்லை. அவற்றுட் சில லயத்து முதியோரின் நினைவில் இன்னும் இருக்கின்றன. அடுத்த மலருக்குமுன் யாரேனும் ஒரு கொப்பியோடு போய் அவற்றை எழுதிவரலாம்.