காய்ச்சலோடு சபைக்கு வரலாமா?

இந்த மாதம் ஒரு சாட்சி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பாவ அறிக்கையாக வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பர், அடைமழைக் காலம். சனிக்கிழமை சாயங்காலம் வரை நன்றாக இருந்தேன். ராத்திரி எட்டு மணிக்குத் திடீரென்று குளிர் நடுக்கம், அடித்துப்போட்டது போல உடம்பு வலி, வறட்டு இருமல். சாதாரண சளி இப்படி ஒரே அடியாக வராது. ஃப்ளூவாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம். என் மனைவி, "நாளைக்கு நீங்க போகாதீங்க, உதவி ஊழியத் தம்பி பார்த்துக்கட்டும்" என்றாள். நான் கேட்டேனா? "பிசாசு ஆராதனையைத் தடுக்கப் பார்க்கிறான்" என்று சொல்லி, ஒரு பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன். ஒன்றரை மணி நேரம் பிரசங்கம். பிறகு வரிசையாகத் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். அந்த வரிசையில் 72 வயதுள்ள ஒரு தாயார், சர்க்கரை வியாதி உள்ளவர்கள்.

செவ்வாய்க்கிழமை அவர்களுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்னிடமிருந்துதான் தொற்றியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. அந்த வார்த்தையிலேதான் மூன்று வாரம் ஒளிந்துகொண்டிருந்தேன். கடைசியில் போய்ச் சொன்னேன். "தெரியாமதானே செஞ்சீங்க பாஸ்டர் ஐயா" என்றார்கள். தெரியாமல் இல்லை. சந்தேகம் இருந்தது.

லேவியராகமம் 13-ஐ எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அங்கே ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைப்பது குஷ்டம் என்று நிச்சயமானவனை அல்ல, இன்னும் நிச்சயம் தெரியாதவனை! அவனைப் பாவி என்றும் சொல்லவில்லை, விசுவாசம் இல்லாதவன் என்றும் சொல்லவில்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று பிசாசு சொன்னபோது நம் ஆண்டவர் குதிக்கவில்லை. நான் குதித்தேன். விழுந்தது அந்தத் தாயார்மேல்.

மாத்திரை போட்டால் சூடுதான் குறையும், தொற்று குறையாது. ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, பின்பு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். ஆகவே சந்தேகம் வந்தாலே வீட்டில் தங்குங்கள். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்த பிறகு வெளியே வரலாம். முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் நாள் தள்ளாமல் டாக்டரைப் பாருங்கள். ஓசல்டாமிவிர் என்ற மருந்தை அவர் எழுதிக் கொடுத்தால், 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்ல பலன் தரும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது. மழைக்காலத்தில் டெங்குவும் இப்படித்தான் ஆரம்பிக்கும், அதனால் ஆஸ்பிரின், புரூபன் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நினைவு தடுமாறினாலோ நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயும் ஜெபிக்கலாம்.

இதை ஒரு புதன்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். மூட்டை தூக்கும் ஒரு சகோதரர் எழுந்து, "மாசச் சம்பளக்காரங்களுக்கு இது சரி ஐயா. நான் நாலு நாள் படுத்தா அடுப்பு எரியாதே" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டிலே இரு என்று சொல்லுகிறவன் அந்த நாலு நாள் அரிசிக்கும் வழி சொல்ல வேண்டாமா? அன்றைக்கே மூப்பர்கள் உட்கார்ந்து, காணிக்கையில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினோம்.

போன வாரம் இரண்டு வீட்டுக்கு அரிசியும் கஞ்சியும் போனது. திண்ணையில் வைத்துவிட்டு, தெருவிலே நின்றபடியே ஜெபித்துவிட்டு வந்தோம். ஜன்னல் வழியாக உள்ளேயிருந்து "ஆமென்" கேட்டது, இருமலோடு.