தண்டியடிகள் கட்டிய கயிறு

ஒரு குடும்பத்தில் பார்வையோ, செவிப்புலனோ, நடையோ குறைந்த பிள்ளை பிறந்தால் "முன்வினைப் பயன்" என்று ஊரார் சொல்வதுண்டு. ஆறுதலாகச் சொல்லப்படும் இச்சொல் பல வேளைகளில் தீர்ப்பாகிவிடுகின்றது. உடன்பிறந்தோர் பள்ளிக்கூடம் போக, அப்பிள்ளை மட்டும் லயத்துக் காம்பராவில் இருந்துவிடுகின்றது. வினை என்று சொல்லிவிட்டால் அயலாரின் கடமை முடிந்துவிடுமா? இதுவே இங்கு எழும் அறக்கேள்வியாகும்.

சைவ சித்தாந்தம் இதற்குத் தரும் விடை தெளிவானது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும், உயிர் அறியாமையிலிருந்து விடுபடுவதற்காக இறைவன் அருளியவை. மேலும், எந்த உயிரும் தானாக அறிவதில்லை, அறிவித்தால் அறியும். குறையில்லாத கண்ணும் ஒளியின்றிக் காணாது. ஆகவே துணையின்றி அறிய முடியாதவர்கள் என்று சிலரை மட்டும் பிரித்து வைக்க இச்சமயத்தில் இடமில்லை. துணை எல்லோருக்கும் வேண்டும். அதன் வடிவம் மாத்திரமே வேறுபடும். பிறர் வினையை அளந்து பார்க்கும் அதிகாரம் மனிதருக்கு இல்லை. ஆனால் உதவக்கூடியவர் உதவாமல் இருந்தால், அது அவருடைய வினைக்கணக்கில் சேரும்.

பெரியபுராணம் போற்றும் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்திருப்பதை அறிந்து, அதனைத் தாமே தோண்டத் துணிந்தார். குளத்தின் நடுவில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரையில் கொட்டினார். அவர் பின்னர் இறையருளால் பார்வை பெற்றதையே பலரும் வியந்து பேசுவர். ஆனால் திருப்பணி நடந்தது பார்வை வருவதற்கு முன்னராகும். அவருக்கு வேண்டியிருந்தது இரக்கமன்று, ஒரு கயிறு. அவரை எள்ளியவர்கள் தறியைப் பிடுங்கியபோதுதான் பணி தடைப்பட்டது. தடை அவருடைய கண்ணில் இருக்கவில்லை. பிறர் செயலில் இருந்தது.

இன்று உட்படுத்தற் கல்வி என்று அறிஞர் கூறுவது இக்கயிற்றையே எனலாம். 1994 ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் இயன்றவரை ஒரே பள்ளிக்கூடத்தில் கற்கவேண்டும் என்ற கொள்கையை ஏற்றனர். இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி என்ற காரணத்தால் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடை செய்தது. 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது.

இதற்கு முன்பே 1912 இல் இரத்மலானையிலும், 1956 இல் யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான பாடசாலைகள் தோன்றின. அவற்றின் தொண்டு பெரிது. எனினும் ரிவர்ஸ்டன் மலைப்பகுதியில் பிறந்த பிள்ளை அங்கு கற்பதாயின் தாய் தந்தையரைப் பிரிந்தே போகவேண்டும். காற்றும் பனிமூட்டமும் நிறைந்த இம்மலைப்பாதையில், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் செல்வதே சிலருக்கு அரிது. ஆகவே கயிறு ஊரிலேயே கட்டப்பட வேண்டும்.

அக்கயிறுகள் பெரும்பாலும் எளியவை. படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவான கணக்கு. நடக்க இயலாத பிள்ளையின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றலாம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டும் வாசிக்கலாம். செவிப்புலன் குறைந்த பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, முகம் பார்த்துப் பேசலாம். ஆறு புள்ளிகளாலான பிரெயில் எழுத்தில் தமிழையும் கற்கலாம். பரீட்சையில் மேலதிக நேரத்துக்கும், சொல்வதை எழுதும் உதவியாளருக்கும் விண்ணப்பிக்கலாம்.

மற்றப் பிள்ளைகளின் படிப்புப் பின்தங்காதா என்று சிலர் கேட்பர். வாய்விட்டு வாசிப்பது கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் உதவும். சாய்தளம் மூதாட்டிக்கும் உதவும். ஆயினும் இக்கேள்வியில் ஓர் உண்மை உண்டு. பயிற்சியும் துணை ஆசிரியரும் இல்லாமல் பிள்ளையை வகுப்பில் இருத்துவது மாத்திரம் உட்படுத்தலாகாது. அது கூட்டத்தின் நடுவே தனித்து விடுவதாகும். அதனால் பெற்றோர் தயங்குவதும் ஆசிரியர் சலிப்பதும் குற்றமன்று. அவ்வளங்களைக் கல்வித் திணைக்களத்திடம் கேட்டுப் பெறவேண்டியது ஊரின் பொறுப்பு.

இதனை மலையக மக்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970 களிலேதான். அக்காலத்தில் குறை பிள்ளைகளிடம் இருக்கவில்லை, வழி அடைக்கப்பட்டிருந்தது. வழி திறந்ததும் அதே லயங்களிலிருந்து ஆசிரியர்களும் வைத்தியர்களும் தோன்றினர். தனக்கு மறுக்கப்பட்டதைத் தன் வீட்டுப் பிள்ளைக்கு மறுக்கும் சமூகம், அன்று தறி பிடுங்கியவர்களின் பக்கம் நின்றதாகிவிடும்.

ஆலயம் இப்பணியைத் தன் வாசலிலேயே தொடங்கலாம். சன்னிதிக்குச் செல்லும் படிகளின் ஓரத்தில் ஒரு சாய்தளம் அமைக்கலாம். அறநெறி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமளிக்கலாம். முதலாம் தர விண்ணப்ப காலத்தில், வீட்டிலிருக்கும் அத்தகைய பிள்ளையின் பெற்றோருடன் பரிபாலன சபையினர் பள்ளிக்கூடம் வரை செல்லலாம். குளம் தோண்டிய அடியாரை வணங்கும் அடியார்களுக்கு, இதுவும் திருப்பணியேயாகும்.