பிறவிக் குணமா, பிணைப்பின் குணமா?

ஒரு பொருளின் குணம் அப்பொருளுக்குள்ளேயே உறைகின்றதா, அன்றிப் பிறவற்றோடு அது கொண்டுள்ள உறவிற் பிறக்கின்றதா? தத்துவவாதிகள் நெடுங்காலமாக வாதிட்டு வரும் வினா இது. வகுப்பில் வாய்திறவாத மாணவனை நோக்கி, “இது இவன் பிறவிக் குணம்” என்று ஓர் ஆசிரியர் கூறும்போது, தம்மை அறியாமலே அவர் இவ்வினாவுக்கு விடையளித்துவிடுகிறார். அம்மாணவனுக்குத் தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்.

மட்டக்களப்பு வாவியின் நீர் உப்பா, நன்னீரா? மாரி வெள்ளம் பெருகும் காலத்தில் அதற்கு ஒரு சுவை. முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து கடல் உட்புகும் காலத்தில் வேறொரு சுவை. தன்னாமுனையில் வலை வீசுவோர் இதனை நன்கறிவர். பருவத்தைக் கேளாமல் வாவியின் குணத்தைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

“நீர் வெறும் கலவை; கலவை மாறினால் குணமும் மாறும். ஆனால் இனிப் பகுத்தால் தன் தன்மையையே இழந்துவிடும் தனியொரு மூலக்கூறுக்கேனும் சொந்தக் குணம் இல்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இக்கால விஞ்ஞானம் அதற்கும் விடை தேடியிருக்கிறது.

இலத்திரனுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு. பம்பரம்போல் அது உண்மையாகச் சுழல்வதில்லை. எனினும் இலத்திரனைச் சிறு காந்தமாக்குவது இப்பண்பே. கோபாற்று அணுவை நடுவிற் கொண்ட ஒரு மூலக்கூறு இவ்வாறே காந்தத்தன்மை உடையது. அதனை உலோகத்தின்மேல் வைத்துக் கடுமையாகக் குளிரச் செய்தால், உலோகத்தில் உலவும் இலத்திரன்கள் திரண்டு வந்து அத்தற்சுழற்சியைச் சூழ்ந்து மறைக்கின்றன. இந்நிகழ்ச்சியின் அடிப்படையை 1964இல் விளக்கியவர் யப்பானிய அறிஞர் யுன் கொண்டோ. அப்பிடியின் வலிமையை அளக்கும் அளவு, கொண்டோ வெப்பநிலை என அவர் பெயராலேயே வழங்குகிறது.

2006இல் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் வியோலெற்றா இயன்கு, அபர்ணா தேஷ்பாண்டே, சோ-வாய் லா ஆகிய மூவரும் இத்தகைய மூலக்கூறுகளைச் செப்பின்மீது பரப்பி, 4.6 கெல்வின் குளிரில் ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்ட கருவி, அணுக்களையே தடவிக் காணும் ஊசிமுனை நுணுக்குக்காட்டி. ஆறு அயலவர் சூழ நடுவே கிடந்த மூலக்கூற்றின் கொண்டோ வெப்பநிலை 105 கெல்வின். ஊசிமுனையால் அயலவரை ஒவ்வொன்றாக அகற்ற, அது படிப்படியாக உயர்ந்து, தனித்து நின்றபோது 170 கெல்வினை எட்டியது. நடுவிலிருந்த மூலக்கூற்றில் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவுமில்லை. மாறியது அயல் மட்டுமே.

இங்கே நம்போன்ற முற்போக்காளரை ஒரு சபலம் பிடித்திழுக்கும். “பார்த்தீர்களா! தனித்து நிற்பவனை உலோகம் இறுகப் பற்றுகிறது. தோழர் அறுவர் சூழ நின்றால் பிடி தளர்கிறது. ஒற்றுமையே பலம் என்று இயற்கையே முழங்குகிறது!” மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இயற்கை எவருக்கும் துண்டுப் பிரசுரம் எழுதித் தருவதில்லை. அயல் மூலக்கூறுகள் செய்தது தோழமையன்று. செப்பின் மேற்பரப்பில் ஓடும் இலத்திரன்களைச் சிதறடித்தமையே. செப்புத் தகட்டிலிருந்து சமுதாய நீதியைப் பெயர்த்தெடுக்க முயல்வோர், நாளை அதே தகட்டிலிருந்து அநீதியைப் பெயர்த்தெடுப்போருக்கு மறுமொழி கூற இயலாது.

அவ்வாறாயின் இதிலிருந்து நாம் பெறத்தக்கது யாது? ஓர் எச்சரிக்கை. ஓரிடத்தில், ஒரு சூழலில், ஒருமுறை அளந்து பெற்ற எண் அப்பொருளைப் பற்றியது மட்டுமன்று. அதன் உறவைப் பற்றியதுமாகும். தனியொரு மூலக்கூற்றைப் பற்றிக்கூட அயலை அறியாமல் பேசமுடியாதென்றால், ஒரு பரீட்சைப் புள்ளியைக் கொண்டு ஒரு பிள்ளையின் இயல்பை வரையறுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? 2004இன் ஆழிப்பேரலையும் 2009 வரை நீண்ட போரும் கடந்து வந்த கரை இது. அக்காலத்தில் வகுப்புகளில் ஊமையாய் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் எத்தனை பேரை ‘மந்தம்’ என்று பதிந்து ஒதுக்கினோம்? அவர்கள் இன்று பெற்றோர். அன்று இடப்பட்ட முத்திரையை அவர்களே நம்பி, தம் பிள்ளைகளுக்கும் அதனைக் கையளிக்கும் கொடுமைதான் நாம் அஞ்சவேண்டியது.

எனினும் மூலக்கூற்றுக்கும் மனிதனுக்கும் இடையே அழியாத ஓர் எல்லை உண்டு. சூழலை மாற்றினால் மனிதனை மாற்றலாம் என்பது மட்டுமே நமது கொள்கையானால், நாம் ஊசிமுனையைக் கையிலேந்திய ஆய்வாளராகிவிடுவோம். மக்கள் நம் தகட்டில் நகர்த்தப்படும் துகள்களாவர். நல்லெண்ணத்தோடு நகர்த்தினும் நகர்த்துதல் நகர்த்துதலே. “என்னை ஏன் நகர்த்துகிறாய்?” என்று மூலக்கூறு கேட்பதில்லை. மனிதன் கேட்பான், கேட்கவேண்டும். தன்னைச் சூழ்ந்துள்ள பிணைப்புகளை இனங்கண்டு, அவற்றைத் தன் கையாலேயே மாற்ற வல்லவன் அவன் ஒருவனே.

ஆகவே ஆசிரியரின் கடமை இரண்டு. தீர்ப்பளிக்குமுன் அயலைக் கேட்டறிவது முதலாவது. அயலை மாற்றும் வேலையில் மாணவனையும் பங்காளியாக்குவது இரண்டாவது. முதலாவதை விஞ்ஞானம் நினைவூட்டக்கூடும். இரண்டாவதை எந்த ஆய்வுகூடமும் நமக்குச் சொல்லித் தராது. அதை நாமே தீர்மானிக்க வேண்டும்.